கேம் காயினை நிஜப் பணத்துக்கு விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவனிடம் ஜிஎஸ்டி, டிடிஎஸ், ரீஃபண்ட் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அப்பா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கூட வந்த பையன் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அண்ணா, கேம்ல இருக்கிற காயினை வித்தா கேஸ் ஆகுமா?" என்கிறான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால், கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். விற்பது குற்றமா, இல்லையா?

நீங்களே விளையாடிச் சேர்த்த காயினை இன்னொரு விளையாட்டாளருக்கு விற்பது பெரும்பாலான நாடுகளில் தன்னளவில் குற்றம் இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லா கேம்களிலும் அது விதிமீறல். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார்கள்.

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதி வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அடித்தால் அட்வான்ஸில் பிடிப்பார், ரொம்பப் போனால் காலி செய்யச் சொல்வார். போலீஸ் வராது. கேம் கணக்கு தொடங்கும்போது படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறோமே, அதுவும் அப்படி ஒரு ஒப்பந்தம்தான். மீறினால் கம்பெனி கணக்கை பேன் செய்யும், அதாவது தடை செய்து மூடிவிடும். அந்த உரிமையை அதற்குக் கொடுத்தது நீங்களேதான்.

போலீஸ் வருகிற இடங்கள் வேறு. விற்ற காயின் திருட்டுக் காயினாக இருந்தால் வரும். அந்தக் காயின் சூதாட்டத்தில் பந்தயமாக வைக்கப்படுவதாக இருந்தால் வரும். உங்களுக்கு வந்த பணம் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கியதாக இருந்தால் கண்டிப்பாக வரும். நடைமுறையில் ஆட்கள் அதிகம் மாட்டுவது மூன்றாவதில்.

நான் காசு கொடுத்து வாங்கிய காயின் என்னுடையது இல்லையா?

கம்பெனியின் எழுத்துப்படி இல்லை. நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான். சினிமா டிக்கெட் வாங்கியவர் நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போக முடியாது அல்லவா, அந்த மாதிரி.

கோர்ட்டில் இது எப்படி நின்றது என்பதற்கு 'செகண்ட் லைஃப்' வழக்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் லிண்டன் லேப் நடத்தும் மெய்நிகர் உலகம் அது. அங்கே புழங்கும் காசு லிண்டன் டாலர். அதை கம்பெனியின் சொந்தச் சந்தையிலேயே நிஜ டாலராக மாற்றிக்கொள்ளலாம். பல வருடங்களாக ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்ற அளவில்தான் விலை ஓடியது. அங்கே நிலம் வாங்கலாம், விற்கலாம், வாடகைக்கும் விடலாம். "இங்கே நிலம் உங்களுக்கே சொந்தம்" என்ற பாணியில்தான் அந்தக் கம்பெனி விளம்பரமும் செய்தது.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த மார்க் பிராக் என்ற வழக்கறிஞர், இன்னும் ஏலத்துக்கு வராத ஒரு நிலத்தின் இணைய முகவரியைப் பிடித்து, 2006-ல் சுமார் 300 டாலருக்கு அதை வாங்கிவிட்டார். கம்பெனி அதை ஏமாற்று வேலை என்று சொல்லி, அந்த நிலத்தோடு நிற்காமல் அவர் கணக்கில் இருந்த எல்லாவற்றையும் முடக்கியது. அவர் வழக்குப் போட்டார். 'எங்கள் விதிமுறைப்படி நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும், கோர்ட்டுக்கு வரக் கூடாது' என்றது கம்பெனி. 2007 மே மாதம் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியையே தள்ளுபடி செய்தது: ஒரு தரப்பு எழுதி, மறு தரப்பு ஏற்றே ஆக வேண்டும் என்ற நிலையில் போடப்பட்ட ஒருதலைப்பட்சமான நிபந்தனை என்றது. எல்லாரும் காத்திருந்த கேள்வி, அதாவது நிலம் உண்மையில் யாருடையது என்பது, விசாரணைக்கு வருவதற்குள் அந்த வருடமே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. இவருடைய கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வக்கீல்கள் இன்றுவரை அந்த வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் சொத்துரிமை பற்றி அதில் ஒரு வரித் தீர்ப்புகூட இல்லை.

இதில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 'சம்மதம்' பொத்தானை அழுத்திவிட்டதால் கம்பெனி எழுதியதெல்லாம் வேதம் ஆகிவிடாது. மிக அநியாயமான விதியைக் கோர்ட் தள்ளும். ஆனால் 'காயினை வெளியில் விற்காதே' என்ற விதியை அப்படித் தள்ளுவார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம்.

என்னுடையது இல்லை என்றால், என்னிடமிருந்து ஒருவன் அதைப் பிடுங்கினால் திருட்டும் இல்லையா?

நல்ல கேள்வி. எனக்கும் இந்தக் கேள்வியோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 2006-ல் கோவை காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் விளையாடுவேன். 5 லட்சம் கோல்டு சேர்த்து வைத்திருந்தேன். அதைச் சேர்க்க மீன் பிடித்தே விடுமுறை முழுவதும் போனது. பக்கத்து கம்ப்யூட்டர் அண்ணன் ஒருவர் 100 ரூபாய் ரீசார்ஜ் கார்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். டிரேடு விண்டோவில் கோல்டை வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார். "கார்டு நாளைக்கு" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. சென்டர்காரரிடம் சொன்னேன். "அது கேம்தானப்பா, போய் திரும்பச் சம்பாதி" என்றார்.

அதே விளையாட்டில் நெதர்லாந்தில் நடந்ததைப் பல வருடம் கழித்துப் படித்தபோது சென்டர்காரர் ஞாபகம்தான் வந்தது. 2007-ல் லேயுவார்டன் நகரில் 13 வயதுப் பையன் ஒருவனை இரண்டு பையன்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய், அடித்து உதைத்து, கத்தியைக் காட்டி மிரட்டி, அவனைக் கணக்கில் லாகின் செய்ய வைத்து, ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் விளையாட்டுக்குள்ளேயே கீழே போட வைத்து எடுத்துக்கொண்டார்கள். 'அது பொருளே இல்லை, வெறும் பிக்சல். அதுவும் விதிமுறைப்படி கம்பெனிக்குச் சொந்தம்' என்று வாதாடினார்கள். 2012 ஜனவரி 31-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரமும் உழைப்பும் போட்டுச் சேர்த்தவனுக்கு அது மதிப்புள்ளது; அவன் கட்டுப்பாட்டில் இருந்தது அவன் கையை விட்டு முழுக்கப் போய்விட்டது; ஆகவே திருட்டுதான் என்றது. இதற்கு அவர்கள் பிடித்த கொம்பு 1921-ம் வருடத் தீர்ப்பு: மீட்டரை ஏமாற்றி மின்சாரம் எடுத்த ஒரு பல் டாக்டரின் வழக்கு. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தையே திருட முடியும் என்றால் தாயத்தை ஏன் முடியாது?

இங்கிலாந்தில் இன்னும் பெரிய தொகை. ஜிங்கா கம்பெனியின் சர்வரில் புகுந்து போக்கர் சிப்ஸ் 40,000 கோடி எடுத்து, அதில் ஒரு பங்கைச் சுமார் 53,000 பவுண்டுக்கு விற்றவருக்கு 2011-ல் எக்ஸெட்டர் நீதிமன்றம் 2 வருடச் சிறை கொடுத்தது. கம்பெனி நினைத்தால் இன்னும் எத்தனை சிப்ஸ் வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

ஆக, உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் அது உங்கள் பொருள் இல்லை. உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் அது பொருள்தான். முரண்பாடாகத் தோன்றினாலும் அப்படித்தான். வாடகை வண்டியை ஒருவன் தள்ளிக்கொண்டு போனாலும் அது திருட்டுதானே.

இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு ஏதாவது உண்டா?

தென் கொரியா. அங்கே ஏன் வந்தது என்றால், 2006-ல் சூதாட்ட மெஷின் கடைகள் பெரிய ஊழலாக வெடித்தன. ஜெயித்தவர்களுக்குப் பரிசுக் கூப்பன் கொடுப்பார்கள். பக்கத்துக் கடையில் அந்தக் கூப்பனைப் பணமாக மாற்றிக்கொடுப்பார்கள். அந்தப் 'பக்கத்துக் கடை'யை அடைக்க 2007-ல் விளையாட்டுத் தொழில் சட்டத்தைத் திருத்தி, விளையாட்டில் கிடைத்த காசு, பாயிண்ட், பரிசு போன்றவற்றைப் பணமாக மாற்றித் தருவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்றார்கள்.

அந்த வலையில் 'லீனியேஜ்' விளையாட்டின் அடெனா என்ற காசை வாங்கி விற்ற இரண்டு பேர் மாட்டினார்கள். கீழ்க் கோர்ட் அபராதம், மேல் கோர்ட் விடுதலை என்று போய், கடைசியில் 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. காரணம்தான் முக்கியம்: அடெனா அதிர்ஷ்டத்தில் விழுவது இல்லை, உட்கார்ந்து வேட்டையாடிச் சேர்ப்பது, ஆகவே அது சூதாட்டக் காசு ஆகாது. சீட்டுக்கட்டு விளையாட்டின் காசாக இருந்திருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்கும். விடுதலை என்றதும் எல்லாரும் கொண்டாடினார்கள். அப்புறம் 2012-ல் அதே உச்ச நீதிமன்றம், அடெனா விற்பவர்கள் மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவனுக்கு இந்த இரண்டாவது தீர்ப்பில்தான் ருசி.

சீனா வேறு பாதையில் போனது. க்யூக்யூ காயின் என்ற டென்சென்ட் கம்பெனியின் காசைக் கொண்டு வெளியே நிஜச் சாமான் வாங்கத் தொடங்கியதும் அரசுக்கு நாணயத்தைப் பற்றியே பயம் வந்தது. 2009-ல் கலாச்சார அமைச்சகமும் வணிக அமைச்சகமும் சேர்ந்து, கேம் காசைக் கொண்டு அதை வெளியிட்ட கம்பெனியின் மெய்நிகர் பொருள்களை மட்டுமே வாங்கலாம், காசை வெளியிடுபவரே அதை விற்கும் சந்தையையும் நடத்தக் கூடாது, சந்தை நடத்துபவர் சிறுவர்களுக்குச் சேவை தரக் கூடாது என்று உத்தரவிட்டன. அதற்கு முந்தைய வருடமே, கேம் காசை வாங்கி விற்று வரும் லாபத்துக்கு 20% வரி என்று வரித் துறை சொல்லிவிட்டது. வரி கேட்ட பிறகு, விற்பதையே குற்றம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

விற்க அனுமதிக்கிற கேம்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, குறைவு. செகண்ட் லைஃப் ஒன்று. ஸ்வீடனின் 'என்ட்ரோபியா யுனிவர்ஸ்' இன்னொன்று. அதன் காசுக்குப் பெயர் பெட். 10 பெட் என்றால் 1 டாலர் என்று நிலையான விலையே உண்டு. பிளிசார்ட் கம்பெனி 'டயாப்லோ 3'-ல் 2012-ல் நிஜப் பண ஏலக் கூடமே திறந்தது. அரக்கனைக் கொன்று பொருள் சேர்ப்பதை விடக் கடையில் வாங்குவது சுலபம் என்று ஆனதும் விளையாட்டே சப்பென்று போய்விட்டது. 2014 மார்ச்சில் மூடினார்கள். கொரியாவில் அந்தக் கூடம் இல்லாமல்தான் விளையாட்டையே வெளியிட முடிந்தது.

அதற்குப் பிறகு பிளிசார்ட் கற்றுக்கொண்ட தந்திரம் 2015-ல் வந்த 'வாவ் டோக்கன்'. காசு உள்ளவர் கம்பெனியிடம் டோக்கன் வாங்கி, விளையாட்டுக்குள் கோல்டுக்கு விற்பார். கோல்டு உள்ளவர் அதை வாங்கித் தன் மாதச் சந்தாவைக் கட்டிக்கொள்வார். உண்டியல் மாதிரி: பணம் உள்ளே போகலாம், வெளியே வராது. 'ஈவ் ஆன்லைன்' 2008-லிருந்தே இப்படித்தான். உங்கள் கேமில் இப்படி ஒரு வசதி இருந்தால், வெளியில் விற்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

நான் விற்றால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஏன் இவ்வளவு கெடுபிடி?

நானும் பேராசைதான் என்று நினைத்திருந்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி கிரெடிட் கார்டு மோசடி.

ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் 2007 கடைசியில் விளையாட்டாளர்களுக்கு இடையிலான தாராளமான கொடுக்கல் வாங்கலையே நிறுத்தியது. கோல்டு விற்கும் கூட்டம் திருட்டு கார்டுகளில் சந்தா கட்டிக் கணக்குகளைத் திறந்தது. கார்டுக்குச் சொந்தக்காரர்கள் புகார் கொடுத்ததும் வங்கிகள் கம்பெனியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டன. தடையை எதிர்த்து விளையாட்டாளர்கள் விளையாட்டுக்குள்ளேயே கூட்டம் கூட்டினார்கள். பிறகு கம்பெனி விளையாட்டாளர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில்தான் அந்த வசதியைத் திரும்பக் கொடுத்தது.

வால்வ் கம்பெனியின் கதையும் இதுதான். அது நடத்தும் கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் பெட்டியைத் திறக்கும் சாவிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. 2019 அக்டோபரில், புதிதாக வாங்கும் சாவிகளை இனி கைமாற்ற முடியாது என்றார்கள். உலக அளவிலான மோசடிக் கும்பல்கள் திருட்டுப் பணத்தை மாற்ற இதைப் பயன்படுத்துகின்றன. வாங்கி விற்கப்படும் சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடியில் வந்தவை என்று நம்புகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இணைய ஏலத்தளமான ஈபே அதற்கு ரொம்ப முன்பே, 2007 ஜனவரியில், கேம் காசு விற்பனையைத் தன் தளத்தை விட்டு வெளியேற்றியிருந்தது.

சக விளையாட்டாளர்களே வழக்குப் போட்டதும் உண்டு. ஐஜிஇ என்ற கம்பெனி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கோல்டு விற்பதில் கொடிகட்டிப் பறந்தது. 2007-ல் ஃப்ளோரிடாவில் ஒரு விளையாட்டாளர், 'இவர்களால் நான் சந்தா கட்டி விளையாடும் விளையாட்டே கெட்டுப்போகிறது' என்று கோர்ட்டுக்குப் போனார். 2008-ல் சமரசம்: ஐந்து வருடம் அந்தக் கோல்டு வியாபாரம் செய்வதில்லை என்று ஐஜிஇ ஒப்புக்கொண்டது.

சரி, இந்தியாவில்?

'கேம் காசு விற்காதே' என்று ஒரு தனிப் பிரிவு நம்மிடம் இல்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் அது தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அங்கே வேலை இல்லை. இதில் 'பணம்' என்ற இடத்தில் ரூபாய் நோட்டு மட்டும் இல்லை. பணத்துக்குச் சமமான, பணமாக மாற்றக்கூடிய எதுவும், கிரெடிட், காயின், டோக்கன், நிஜமானதோ மெய்நிகரானதோ, நேரடியாகவோ சுற்றியோ காசு கொடுத்து வாங்கியிருந்தால் அதுவும் பந்தயப் பொருள்தான் என்று எழுதியிருக்கிறார்கள். நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பணப் பரிவர்த்தனைக்கு வழி செய்து கொடுப்பவருக்கும் அதே அளவு. விளம்பரம் செய்தால் 2 வருடம், 50 லட்சம். ஆடுபவரை மத்தியச் சட்டம் தண்டிக்கவில்லை. தமிழ்நாட்டின் 2022-ம் வருடச் சட்டமோ, ஆன்லைனில் சூதாடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அதையும் மறக்க வேண்டாம்.

துப்பாக்கிச் சண்டை கேமில் சட்டை, தொப்பி வாங்கும் காயினை ஒருமுறை விற்ற பையனுக்கு மத்தியச் சட்டம் குறி வைக்கவில்லை. அங்கே பந்தயமும் இல்லை, ஜெயித்த பணமும் இல்லை. பயப்பட வேண்டியவர் தீன்பத்தி என்ற சீட்டாட்ட ஆப்பின் சிப்ஸ் விற்கும் 'டீலர்'. ஆப்பில் 'இது வெறும் பொழுதுபோக்கு, நிஜப் பணம் கிடையாது' என்று இருக்கும். வெளியே வாட்ஸ்அப்பில் ஒருவர் கோடி சிப்ஸ் இத்தனை ரூபாய் என்று விற்பார், ஜெயித்த சிப்ஸைத் திரும்பவும் வாங்கிக்கொள்வார். கொரியாவின் 'பக்கத்துக் கடை' ஞாபகம் வருகிறதா? இந்த டீலர்தான் அது. இவர் இல்லை என்றால் அது பொழுதுபோக்கு. இவர் இருப்பதால் சூதாட்டம்.

அமெரிக்காவிலும் இதே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். ஒரு கேமின் கேசினோ பகுதியில் செலவழித்த பணத்தைக் கேட்டு வந்த வழக்கில், சிப்ஸ் கள்ளச் சந்தையில் விலைபோகிறது என்பதாலேயே அது பணம் ஆகிவிடாது என்றது 2017-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். கம்பெனி விற்கக் கூடாது என்கிறபோது நீங்கள் விற்பதை அதன் தலையில் கட்ட முடியாது. 2018-ல் பிக் ஃபிஷ் கேசினோ வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் கள்ளச் சந்தை வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் வாஷிங்டன் மாநிலச் சட்டம் 'இன்னும் கொஞ்சம் ஆட விடுவதே மதிப்புள்ள பொருள்' என்கிறது என்று சொல்லி, கம்பெனியைத்தான் மாட்டிவைத்தது. கடைசியில் 15.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆனார்கள்.

விற்றேன், யுபிஐ-யில் பணம் வந்தது. பத்து நாள் கழித்து பேங்க் அக்கவுண்ட் முடங்கிவிட்டது. ஏன்?

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் எங்கள் கிளையண்ட் ஒருவரின் மகன், கல்லூரி இரண்டாம் வருடம், தன் கேம் காயினை 6,500 ரூபாய்க்கு விற்றான். பணம் வந்த நம்பர் அப்பாவின் கரண்ட் அக்கவுண்டோடு இணைந்தது. திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. வங்கியில் கேட்டால், வட மாநிலம் ஒன்றின் சைபர் போலீஸ் சொன்னதால் முடக்கியிருக்கிறோம் என்றார்கள்.

நடந்தது இதுதான். எங்கோ ஒரு ஓய்வுபெற்றவரை 'பகுதி நேர வேலை' என்று ஏமாற்றிப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் இரண்டு கணக்கு தாண்டி, மூன்றாவதாக இந்தப் பையனுக்கு வந்திருக்கிறது. மோசடிக்காரனுக்குக் காயின் கிடைத்துவிட்டது, அதை வேறு ஒருவருக்கு விற்றுச் சுத்தமான பணம் வாங்கிக்கொண்டான். ஏமாந்த ஓய்வுபெற்றவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன பாதையில் இருந்த எல்லாக் கணக்குகளும் வரிசையாக நின்றன. புகாரின் பேரில் கணக்கை முடக்க, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 106-வது பிரிவைப் போலீஸ் பயன்படுத்துகிறது.

முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது, சம்பந்தப்பட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அதைக் காட்டித்தான் கடிதம் எழுதினோம். ஐந்து வாரம் கழித்து 6,500-க்கு மட்டும் லீன், அதாவது அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பது, என்று ஆனது. பணம் எதற்கு வந்தது என்பதற்குப் பையனின் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் காயின் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும்தான் வைத்தோம். அவன் கேம் விதியை மீறியதற்குச் சாட்சியும் அதே இரண்டு படங்கள்தான். அந்தச் சனிக்கிழமை சம்பளத்துக்கு அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

வருமான வரி கட்ட வேண்டுமா?

ஆம். விதிமீறிச் சம்பாதித்தாலும் வருமானம் வருமானம்தான். எப்போதாவது விற்றால் இதர வருமானத்தில் காட்டலாம். வாரா வாரம் விற்றால் அது தொழில், செலவையும் கழிக்கலாம்.

தலைவலி, 2022-ல் வந்த மெய்நிகர் டிஜிட்டல் சொத்து வரியில் இருக்கிறது. அதில் 30%, வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. கிரிப்டோவுக்கு என்று கொண்டுவந்தாலும், 'குறியாக்க முறையிலோ வேறு விதத்திலோ' உருவாக்கப்பட்ட டோக்கன் என்று வரையறையை அகலமாக எழுதியிருக்கிறார்கள். அந்த 'வேறு விதத்திலோ' என்ற சொல்லைப் பிடித்து ஒரு அதிகாரி கேம் காயினையும் உள்ளே இழுக்கலாம். கிஃப்ட் கார்டு, ரிவார்டு பாயிண்ட், சந்தா ஆகியவற்றை அந்த வருடம் ஜூனிலேயே அறிவிக்கை போட்டு விலக்கிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் கேம் காயின் பெயர் இல்லை. பெரிய தொகை என்றால் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். என்னிடம் காரிடாரில் கேட்காதீர்கள்.

என் மகனுக்கு 16 வயது. அவன் விற்றால்?

18 வயதுக்குக் கீழே உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903-ல் மோகரி பீபி வழக்கில், வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தமும் செல்லாது, காயின் வாங்கியவரோடு போட்டதும் செல்லாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்கியவர் பணம் தராமல் போனால் உங்கள் பையன் தானாக வழக்குப் போட முடியாது, அவன் சார்பில் பெரியவர் ஒருவர்தான் போட வேண்டும். பணம் பெரும்பாலும் உங்கள் கணக்குக்குத்தான் வரும், போலீஸ் கடிதமும் உங்கள் பெயருக்குத்தான்.

காயின் இல்லை, ஐடி-யையே விற்றால்?

அதே விதிமீறல்தான், தொல்லை கூடுதல். அந்த ஐடி உங்கள் மெயிலோடும் போன் நம்பரோடும் பிறந்தது. வாங்கியவன் அதை வைத்து நாளை யாரையாவது ஏமாற்றினால் தடயம் உங்கள் வாசலில் வந்து நிற்கும். விற்றுவிட்டு, 'என் கணக்கு ஹேக் ஆகிவிட்டது' என்று கம்பெனியிடம் புகார் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்களே, அது விதிமீறல் இல்லை. அது நேரடியான மோசடி.

வெளிநாட்டுக்காரருக்கு விற்கலாமா?

பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கொடுத்தேன் என்று நிரூபிப்பது கஷ்டம். ஆறு மாதம் கழித்துப் பணம் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விற்றதற்காக பேன் செய்துவிட்டார்கள். கணக்கில் மீதி இருந்த காயினுக்கு நஷ்டஈடு கேட்க முடியுமா?

பெய்ஜிங்கில் 2003-ல் ஒரு இளைஞர் ஜெயித்திருக்கிறார். 'ஹோங்யுவே' என்ற விளையாட்டில் அவர் இரண்டு வருடம் சேர்த்த ஆயுதங்களை ஒருவன் ஹேக் செய்து எடுத்துவிட்டான். எடுத்தது யார் என்று சொல்லவும் கம்பெனி மறுத்தது. சர்வரைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்று சொல்லி, பொருள்களைத் திருப்பி வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் அவர் யாருக்கும் எதையும் விற்கவில்லை. நீங்கள் விற்றிருக்கிறீர்கள், அதற்கான பதிவு கம்பெனியிடம் இருக்கிறது. விற்ற காயினோடு சம்பந்தமே இல்லாமல் கார்டில் டாப்-அப் செய்த தொகை அப்படியே கிடந்தால், டாப்-அப் ரசீதுகளை இணைத்து அதை மட்டும் கேட்டு எழுதிப் பாருங்கள். ஒன்றிரண்டு பேருக்கு வந்திருக்கிறது. விளையாடிச் சேர்த்ததைக் கேட்டவர் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.